பழவேற்காடு முகத்துவாரம் தூர்வார நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் மறுபடியும் மண்மேடிட்டுவிட்டது. படகு போய்வந்த இடத்தில் இப்போது முழங்கால் அளவுத் தண்ணீர்கூட இல்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வழியைத் திறந்துவிடுவது என்று எங்கள் மீனவக் கிராமங்கள் கூடி முடிவெடுத்திருக்கின்றன.

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தென்கோடியில் இருக்கும் இந்த வாய் நமக்கு. பரப்புக்கு ஏற்ற ஆழம் ஏரிக்குக் கிடையாது, பல இடங்களில் இடுப்பளவுதான். மழைக்காலத்தில் ஆரணி ஆற்று வெள்ளம் மணலைக் கடலுக்குத் தள்ளும். கோடையில் ஆறு வறண்டதும், அலை ஒதுக்கும் மணல் வாயை அடைத்துவிடும். உள்ளே நிற்கும் தண்ணீர் வெயிலில் சுண்டிக் கடலைவிடக் கரிக்கத் தொடங்கும்.

இறால் முட்டையிடுவது கடலில், குஞ்சு வளர்வது ஏரியில். மடவை மீனும் அப்படித்தான். களி நண்டோ முட்டையிடக் கடலுக்குப் போயாக வேண்டும். வழி அடைபட்டால் வரத்தும் இல்லை, போக்கும் இல்லை. மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறையில், தங்கள் முறைக்காகக் காத்திருந்து வலை போடுகிறவர்கள் வெறும் வலையோடு திரும்புகிறார்கள். பிடித்ததைப் போடும் ஓலைக்கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களின் பாடு இன்னும் மோசம். அவர்களுக்குப் படகும் கிடையாது, வலையும் கிடையாது.

பூநாரை பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காலால் சேற்றைக் கலக்கி, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, பாசியையும் சிற்றுயிர்களையும் வடிகட்டித் தின்னும் பறவை அது. கூழைக்கடாவுக்கு மீன் வேண்டும். ஏரி கெட்டால் இரண்டுக்கும் இரை இல்லை. ஆண்டுதோறும் படம் எடுத்துப்போகிறவர்கள் நன்கொடைப் பட்டியலில் முதலில் பெயர் எழுதினால் நியாயமாக இருக்கும்.

குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊரில் தலைக்கட்டு வரி வசூலித்தாகிவிட்டது. பொக்லைன் வாடகைக்கும் டீசலுக்கும் அது போதாது. ஆட்கூலி கேட்கவில்லை, மண்வெட்டி வேலைக்கு வீட்டுக்கு ஒருவராக நாங்களே இறங்குகிறோம். இது நிரந்தரத் தீர்வல்ல, அடுத்த கோடையில் மணல் திரும்பவும் வரும் என்பதையும் மறைக்கவில்லை.

இது பறவைகள் சரணாலயப் பகுதி. வனத்துறையின் அனுமதி எழுத்தில் வந்த பிறகே இயந்திரம் இறங்கும்; வராவிட்டால் பணம் திருப்பித் தரப்படும். பணமாகத் தர இயலாதவர்கள் டீசலாகவோ, வேலை நாட்களில் சோறு பொங்க அரிசியாகவோ தரலாம். ஆவணி முடிவதற்குள் மீன் ஏலக்கூடத்தில் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு அங்கேயே ஒட்டப்படும்.

இப்படிக்கு,
முகத்துவாரம் தூர்வாரும் குழுவினர்