வகுப்பறைச் செடியை நாங்களே தேர்ந்தெடுக்கிறோம்

மதிப்பிற்குரிய மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் ஆய்வுக்கு வந்தவர்கள், வகுப்பறைச் செடிகள் காய்ந்து கிடப்பதைப் பார்த்துத் தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்டார்கள். அவரும் எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் இல்லாத சிலவற்றை நான் சொல்கிறேன்.

வகுப்பறைகளுக்கென்று நீங்கள் அனுப்பிய தொட்டிகளில் பாதி ரோஜா, மீதி அரேகா பாம் என்ற அலங்காரப் பனை. வெயிலே எட்டாத அறையில் ரோஜா எப்படிப் பூக்கும்? ஈரம் வற்றினால் நுனி கருகும் அரேகாவை, மே மாதம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் அறையில் யார் காப்பாற்றுவது? எங்கள் குழாயில் தண்ணீர் வருவதே காலையில் கொஞ்ச நேரம்தான். மார்ச் மாதம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, குடிக்கக் கொண்டுவந்த பாட்டிலைச் சாய்த்து ரோஜாவுக்கு ஊற்றினாள். சத்துணவு நேரத்தில் பக்கத்துப் பிள்ளையிடம் ஒரு வாய் தண்ணீர் கேட்டு நின்றாள். விளக்கம் கேட்டவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

செடி வேண்டாம் என்று சொல்லவில்லை ஐயா. எந்தச் செடி என்று எங்களைக் கேளுங்கள் என்கிறேன். கற்பூரவல்லி போதுமே! கிளையை ஒடித்து நட்டால் வேர் பிடிக்கும், காசு செலவில்லை. சதைப்பற்றான இலை, ஜன்னலோரத்தில் வைத்தால் நாலு நாள் மறந்தாலும் வாடாது. விடுமுறைக்குப் பாம்புக் கற்றாழை. அது இலைத்துளைகளை இரவில்தான் திறக்கும், பகல் சூட்டில் நீரை இழக்காது, ஒரு மாதம் தாங்கும். மென்றால் வயிற்றைப் புரட்டும் என்பதால் கை எட்டாத அலமாரியில் வைத்துக்கொள்வோம்.

இந்த ஆண்டு அனுப்பவிருக்கும் செடிகளின் பட்டியலில் டைஃபன்பேக்கியா என்ற அலங்கார இலைச்செடியைப் பார்த்ததும் பகீரென்றது. அதன் இலையைக் கடித்தால் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் குத்தி வாயும் நாக்கும் வீங்கும். எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் ஒன்றாம் வகுப்புக்கு அதையா கொடுப்பது? தொட்டிக்கு அடியில் வைக்கத் தட்டும் வருகிறதாம். அதில் தேங்கும் தண்ணீர் ஒரு வாரம் நின்றால் டெங்கு கொசுவுக்குப் போதும்.

தொட்டி இறங்கிய அன்றே படம் எடுத்து அனுப்பச் சொன்னீர்கள், அனுப்பினோம். கழிப்பறைக் குழாயைச் சரிசெய்யக் கேட்ட மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை. பெண் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். செடிக்கு இருக்கும் அவசரம் அவர்களுக்கு இல்லையா?

சரி, அந்த மனுவைத் தனியாகத் தொடர்கிறேன். இப்போதைக்கு, புதிய பட்டியலை நிறுத்திவைத்து, செடியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அந்தந்தப் பள்ளி ஆசிரியர்களிடமே விடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தலைமையாசிரியர் மீதான நடவடிக்கையையும் கைவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்