சோதனைத் துண்டு பாஸ், வால்வு ஃபெயில்

டேய் பிஸ்டன்,

எட்டு மாதமாகப் பதில் போடாததற்கு நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். "உயிரோடுதான் இருக்கியா பெயிண்டர்?" என்று ஒரே வரி அனுப்பினாயே, அதற்குக்கூட வாய் திறக்கவில்லை. இருக்கிறேன். வீட்டில் எல்லாரும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. உன் பெண் வேலையில் சேர்ந்ததைக் கட்டையன் சொன்னான், ரொம்ப சந்தோஷம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை வேறு யாரிடம் சொன்னாலும் ஒன்று புரியாது, இல்லையென்றால் நன்றாகப் புரிந்துவிடும். இரண்டுமே எனக்கு வேண்டாம்.

பெரிய டீசல் எஞ்சின் ஒன்றின் எக்ஸாஸ்ட் வால்வுகள், 24. தண்டில் இருந்த பழைய ஹார்டு குரோம் முலாமை எடுத்துவிட்டு குரோமியம் கார்பைடு, நிக்கல் குரோம் கலவையை எச்விஓஎஃப் கன்னில் அடித்துத் தரச் சொன்னார்கள், பவுடரைச் சூடாக்கி அதிவேகமாக வீசுகிற நம் கன். 75க்கு 25, நமக்குத் தூக்கத்தில்கூடத் தெரிந்த கலவை. டங்ஸ்டன் கார்பைடு இதைவிடக் கடினம்தான், ஆனால் 500 டிகிரியைத் தாண்டினால் அது ஆக்சைடாகிக் கெட ஆரம்பித்துவிடும், எக்ஸாஸ்ட் பக்கத்துச் சூட்டுக்கு இதுதான் சரி. "பேசாமல் குரோமே போட்டிருந்தால்..." என்று நீ ஆரம்பிப்பது இங்கே வரை கேட்கிறது, குரோம் பக்தா. குரோம் முலாம் போடுகிற அந்தத் தொட்டியிலிருந்து எழுகிற ஆவியில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தரக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21க்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் குரோமியம் ட்ரைஆக்சைடைத் தொடவே முடியாது. அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம்.

மூன்று மாதம் கழித்து, நாலு சிலிண்டரை மட்டும் திறந்து பார்த்திருக்கிறார்கள். எட்டு வால்வு வெளியே வந்ததில் மூன்றில் கோளாறு. தண்டின் நடுப்பகுதி கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஆனால் தலைப் பக்கம், தண்டு விரிந்து வளையத் தொடங்குகிற இடத்துக்கிட்டே, பூச்சு முடிகிற விளிம்பு நகம் உடைந்த மாதிரி சில்லு சில்லாகப் பெயர்ந்திருக்கிறது. அந்தச் சில்லு, தண்டு ஏறி இறங்குகிற கைடுக்குள் போனால் என்ன ஆகும் என்று உனக்கா சொல்ல வேண்டும்? தேயாமல் இருக்கப் போட்ட பொருளே உப்புத்தாளாகிவிடும்.

உடனே நான் என்ன செய்தேன் தெரியுமா? பவுடர்க்காரரைத் திட்டி ஒரு மெயில். பூச்சுக்கு முன்னால் கிரிட் துகளை வீசித் தண்டைச் சொரசொரப்பாக்குகிற பிளாஸ்டிங் பையனை நிற்க வைத்து அரை மணி நேரம் விசாரணை. அப்புறம் இழுவைச் சோதனைத் தாளை எடுத்து மேசையில் போட்டேன். ஏஎஸ்டிஎம் சி633, அதேதான். சின்ன உருளையின் முகத்தில் பூச்சை அடித்து, எதிரே இன்னொரு உருளையை எபாக்ஸியால் ஒட்டி, இழுத்துப் பார்ப்பது. எல்லாத் துண்டிலும் சுமார் 70 மெகாபாஸ்கலில் பசைதான் அறுந்ததே தவிர பூச்சு அசையவில்லை. பசை தோற்றால் பூச்சு அதைவிட வலு என்று மட்டும்தான் தெரியும், அந்தத் தாளை நான் ஃப்ரேம் போட்டு மாட்டாத குறை.

இதற்குப் பிறகுதான் உண்மையான தப்பு. வாடிக்கையாளர் போன் செய்து, மீதி 16 வால்வு எஞ்சினில் ஓடிக்கொண்டிருக்கிறதே, நிறுத்தவா என்று கேட்டார். கோளாறானது ஒரே டப்பா பவுடரில் அடித்தது, மற்றது வேறு டப்பா, பயப்படாமல் ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். எதையும் அறுத்துப் பார்க்காமல் சொன்னேன்.

பட்டறையில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள், வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. "சார், சோதனைத் துண்டு தட்டை, அதுக்கு நேரா நின்னு அடிச்சோம். வால்வுல அந்த வளைவுகிட்ட நேரா அடிக்கவே முடியாதே?" என்றாள். "நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே நான் கன் பிடிச்சவன்" என்றேன். டேய், இந்த வாக்கியத்தை யார் சொல்லிக் கேட்டு நாம் வயிறு வலிக்கச் சிரித்தோம்? அதே வாக்கியம், அதே குரல், என் வாயிலிருந்து.

அவள் பதில் பேசவில்லை. அன்று சாயங்காலமே பழுதான வால்வு ஒன்றை நீளவாக்கில் அறுத்து, பிசினில் பதித்து, மெருகேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டாள். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நடுத்தண்டில் துளை 1 சதவீதம்கூட இல்லை, அடுக்கு அடுக்காக இறுகிப்போன பூச்சு. அப்படியே வளைவுப் பக்கம் நகர்த்த நகர்த்த கறுப்பு இடைவெளிகள், சரிந்து கிடக்கிற அடுக்குகள், தட்டையாகாமல் அப்படியே உருண்டையாக மாட்டிக்கொண்ட துகள்கள். வறட்டி தட்டுகிற வேலைடா இது என்று குருநாதர் சொல்வாரே, அதேதான். நேராக அடித்தால் சுவரோடு அப்பிக்கொள்ளும், சாய்த்து வீசினால் பாதி வழுக்கிக்கொண்டு போகும். 90 டிகிரியில் விழ வேண்டியது அந்த இடத்தில் 45க்கும் கீழே விழுந்திருக்கிறது. போதாததற்கு, பூச்சு படக் கூடாத இடத்தை மறைக்கிற மாஸ்கிங் டேப்பை வளைவை ஒட்டியே போட்டிருக்கிறோம், அதன்மேல் மோதி பூச்சு சரிவே இல்லாமல் சுவர் மாதிரி செங்குத்தாக முடிந்திருக்கிறது. உருகிய துகள் ஆறிச் சுருங்கும்போது வருகிற இழுப்பும், எஞ்சின் சூடாகி ஆறுவதில் வருகிற இழுப்பும் வந்து சேர்கிற இடம் அந்த விளிம்புதான். வெல்டிங் மாதிரி உருகி ஒன்றாகிப்போன பூச்சாக இருந்தால் பிழைத்திருக்கும். இதுவோ பெரும்பாலும் கிரிட் போட்ட சொரசொரப்பைக் கவ்விக்கொண்டு நிற்பது. பாகம் 150 டிகிரியைத் தாண்டாது, கோணாது என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அந்தப் பெருமைக்குக் கொடுக்கிற விலை இதுதான்.

பவுடர் டப்பாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 24 வால்வும் ஒரே மாதிரி பிடித்து, ஒரே மாதிரி டேப் ஒட்டி அடித்தது. அதாவது நான் "பயப்படாமல் ஓட்டுங்கள்" என்று சொன்ன 16ம் அதே கதைதான்.

இதை அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. போனை எடுப்பேன், வைப்பேன். இன்னொரு துண்டை அறுத்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ராத்திரி கண்ணை மூடினால் கைடுக்குள் சில்லு உருளுகிற சத்தம், அப்படி ஒரு சத்தம் வெளியே கேட்கவே கேட்காது என்று தெரிந்தும். மூன்றாம் நாள் காலையில் சொன்னேன். நிறுத்தினார்கள். 16ஐயும் கழற்றியதில் ஐந்தில் விளிம்பு விரிசல் விட்டிருந்தது. திட்டவில்லை, "சொன்னதுக்கு நன்றி" என்றார் அவர். 24ஐயும் என் செலவில் திரும்பச் செய்து கொடுத்தேன். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு வேலையும் வரவில்லை, கேட்க எனக்கும் வாயில்லை.

இப்போது பூச்சை வளைவுக்கு முன்னாலேயே நிறுத்திவிடுகிறோம், முடிகிற இடத்தில் தண்டையே சரிவாகக் கடைந்து அதற்குள் அடிக்கிறோம். ஒவ்வொரு தொகுதியோடும் அறுப்பதற்கென்றே ஒரு கழிவு வால்வும் ஏறுகிறது. தட்டைத் துண்டும் உண்டு, அது தாளுக்காக. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், அடுத்ததை எப்ப அறுக்கலாம்?" என்றாள். பவுடர்க்காரருக்கும் இரண்டாவது மெயில் போயிற்று, அதை மட்டும் நீ படிக்கக் கூடாது.

அப்புறம் உன் கிராங்க்ஷாஃப்ட். எட்டு மாதம் முன்னால் கேட்டாய், பேரிங்கில் சுழன்று தேய்ந்த ஜர்னலில் ஸ்ப்ரே பண்ணி அளவைக் கொண்டுவர முடியுமா என்று. முடியும், ஆனால் செய்யாதே என்பேன். ஸ்ப்ரே அளவைத் திருப்பித் தரும், போன பலத்தைத் தராது. கிரிட் போட்ட ஒவ்வொரு பள்ளமும் விரிசலுக்கு ஒரு வாசல், கிராங்க் நாள் முழுக்க முறுக்கிலும் வளைவிலும் இருக்கிற சாமான். ஜர்னலின் ஓர வளைவில் யாராவது கன்னைக் காட்டினால் கையைப் பிடித்து நிறுத்து, ஏன் என்று இப்போது உனக்கே தெரியும். தேய்மானம் கொஞ்சம்தான் என்றால் கிரைண்டிங் செய்து அண்டர்சைஸ் பேரிங் போட்டுக்கொள். "நிஸான் ஜிடி-ஆர் காரில் சிலிண்டருக்குள்ளேயே பிளாஸ்மா ஸ்ப்ரே பண்ணினானே" என்று வாதத்துக்கு வராதே. அது அலுமினிய பிளாக்கில் வார்ப்பிரும்பு லைனருக்குப் பதிலாக அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு பூச்சு, எடை குறையும், சூடு சீக்கிரம் வெளியேறும், பூச்சில் இருக்கிற துளைகளில் எண்ணெய் தங்கும். அதன்மேல் ரிங் வழுக்கிக்கொண்டு போகிறது, யாரும் அதைப் பிடித்து முறுக்குவதில்லை.

ஒவ்வொரு ஜர்னலையும் மைக்ரோமீட்டரில் குறைந்தது நாலு இடத்தில், குறுக்கும் நெடுக்கும் அளந்து அனுப்பு. வெர்னியரில் அளந்து அனுப்பினால் திறக்கவே மாட்டேன். கட்டையனிடம் என் முழங்கால் பற்றி ஒன்றும் சொல்லாதே, வைத்தியம் சொல்லியே கொன்றுவிடுவான்.

பெயிண்டர்