நாடி

அன்புள்ள பிள்ளைக்கு,

நல்லூரில் கொடி ஏறிவிட்டது. முழங்கால் நோவோடு அப்பா இரண்டு நேரமும் போய் வருகிறார், சொன்னால் கேட்பதில்லை. சின்ன மாமி வீட்டு விஷயம்... சரி, அதை விடு. மூன்று கிழமையாக உன்னிடமிருந்து "வேலை அம்மா" என்ற இரண்டு சொல்தான் வருகிறது. தம்பி ஏதோ சொன்னான். நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

மயக்கத்துக்கு ஊசி போட்ட ஆளின் நெஞ்சில் கண் வைத்து மூச்சை எண்ணு, முழு நிமிடம். லண்டனில் மயக்க மருந்து படிக்கிறவளுக்கு நான் சொல்லவேண்டுமோ! சந்தையில் காண்கிறவர்களிடமெல்லாம் உன் படிப்பைத்தான் சொல்லித் திரிகிறேன். ஆனாலும் கேள்: ஒட்சிசன் போய்க்கொண்டிருந்தால், மூச்சு நின்ற பிறகும் விரலில் மாட்டுகிற மெஷின் கொஞ்ச நேரம் இரத்தத்தில் ஒட்சிசன் 98 வீதம் என்று காட்டும். வெளிமூச்சைக் காட்டுகிற காபனீரொட்சைட்டுக் கோடுதான் முதலில் விழும். வயதானவர்களுக்கு மருந்து பிந்தித்தான் ஏறும், அடுத்த ஊசிக்கு அவசரப்படாதே. மூச்சை எண்ணு.

சின்னதில் நீ திரும்பத் திரும்பக் கேட்ட ஜாம் போத்தல் விளக்குக் கதை, 1991, கரண்ட் இல்லாத ஆஸ்பத்திரியில் நான் நேர்ஸாக நின்ற காலம். அதில் ஒரு துண்டை நான் சொல்லவில்லை. தோள்மூட்டு விலகி வந்த ஆச்சிக்கு நோவுக்குப் பெத்திடினும் மயக்கத்துக்கு டயசிபாமும் போட்டது வரை சரி. மூட்டு உள்ளே போனதும் நோ நின்றது. நோ நின்றதும் மருந்து ஆளை அமுக்கத் தொடங்கியது. டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார், பார்த்திருக்க வேண்டியவள் நான். குறட்டை கேட்டது. விளக்கு மங்க, திரி தூண்டப் போனேன். குறட்டை நின்றது. நல்ல நித்திரை என்று நினைத்தேன், பிள்ளை. உதடு நீலமானதை அந்த மஞ்சள் வெளிச்சம் காட்டவில்லை. கையைப் பிடித்தால் நாடி மெல்ல, விட்டு விட்டு. நாடியைக் கூட்டுகிற மருந்து, அத்ரோப்பின், தேடி ஓடினேன்.

"மிஸி, நாடி விழுந்தால் முதல் நாடியைத் தூக்குங்கோ" என்று ஆச்சியின் தாடையை முன்னுக்குத் தூக்கிப் பிடித்தது அற்றெண்டன் அண்ணை. இழுத்துக்கொண்டு மூச்சு உள்ளே போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதன் பிறகுதான் நாடியும் ஏறியது.

பாராட்டு எனக்கு. அவர் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. ஆச்சி பிறகு ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவந்து தந்தார். வாங்கிச் சமைத்தேன். அந்தக் கதையைக் கேட்டுத்தான் நீ டொக்டராக வருவேன் என்று நின்றாய்.

பின்னேரப் பூசைக்குப் போனால் அப்பா திரும்ப ஏழு மணியாகும். அந்த நேரம் எடு. அவர் பக்கத்தில் இருந்தால் நீ கதைக்க மாட்டாய்.

அம்மா