ஜூனில் கிடங்கை மூடுகிறார்களாம்

அன்புள்ள மணி,

நலம். நீ அனுப்பிய எண்ணெயை அம்மா முழங்காலில் தடவிக்கொள்கிறாள். பலன் தெரிகிறதாம், உன் மனம் கோணக்கூடாதென்று சொல்கிறாளோ என்னவோ.

விஷயத்துக்கு வருகிறேன். நம் நிவாரண நிறுவனத்தைச் சீரமைக்கிறார்கள். கூடலூர் கிடங்கை மூடிவிட்டு, குன்னூரில் ஒரே கிடங்கு. இடமாற்றம், புதுப் பொறுப்புகள், டேப்லெட்டில் கணக்கு எல்லாம் ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் முடிந்தாக வேண்டும். ஏன் அந்த மூன்று மாதம் என்று கேட்டேன். "அப்போதுதானே மழை இருக்காது" என்றார் சென்னையிலிருந்து வந்தவர். சிரிக்காதே. அவருக்குப் பேரிடர் என்றால் நவம்பர், டிசம்பர், வங்கக் கடல். 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கம் நாம் மண் தோண்டியதும் அவர் கணக்குக்குத் தோதாகத்தான் இருக்கிறது. கூடலூருக்கும் பந்தலூருக்கும் எமன் தென்மேற்குப் பருவமழை என்று அவரிடம் யார் சொல்வது? அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது 2019 ஆகஸ்டில். வயநாட்டில் நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் போனது 2024 ஜூலை 30. மலைக்கு அந்தப் பக்கம்தானே அது!

மாற்றமே கூடாது என்று நான் மல்லுக்கு நிற்கவில்லை. ராயரின் கையெழுத்தில் இருக்கும் பேரேடு ஒழிந்தால் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம். ஆனால் ஒரு தார்ப்பாயை வெளியே எடுக்கவும் தலைமை அலுவலகம் ஒப்புதல் தர வேண்டுமாம். நடுவட்டம் சாலையில் மண் சரிந்து, மின்சாரமும் போன் சிக்னலும் போன இரவில் யாரிடம் கேட்பது? குன்னூரில் கிடங்கு நிறையச் சரக்கு இருந்து கூடலூர்க்காரனுக்கு என்ன லாபம்?

எனக்கு ஆறவே ஆறாதது செல்வி அக்கா விஷயம். ஒவ்வொரு தார்ப்பாய்க்குள்ளும் நான்கு துண்டுக் கயிறு வெட்டிச் சுருட்டி வைப்பாரே, இருட்டில் அரிவாள் தேட வேண்டாம் என்று. எந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்கிறது? எந்தத் தோட்டத் தொழிலாளர் லயனில் படுத்த படுக்கையாக யார் கிடக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். பணியர் பழங்குடிக் குடியிருப்பில் அவர்கள் மொழியிலேயே பேசி, ராத்திரியில் கிளப்பிக் கூட்டிவரக்கூடியவர். அவரைக் குன்னூரில் தரவு உதவியாளராகப் போட்டிருக்கிறார்கள்! ஆணை கைக்கு வந்த பிறகுதான் அவருக்கே தெரியும்.

திங்கட்கிழமை கூட்டம். ஜனவரிக்குத் தள்ளுங்கள், பேரிடரின் முதல் நாள் சரக்குக்குக் கிடங்கில் இருப்பவர் கையெழுத்தே போதும் என்று எழுதிக் கேட்போம் என்றால், ராயர் மட்டும் என்னோடு கையெழுத்துப் போடுகிறார். மற்றவர்களுக்கு இடமாற்றப் பயம்.

உங்கள் நிறுவனத்தில் இணைப்பு நடந்தபோது ஆட்களிடம் முதலில் பேசினீர்களா, ஆணையை நீட்டினீர்களா? சனிக்கிழமைக்குள் எழுது. போனில் வேண்டாம், நீ ஊர்க்கதைக்குப் போய்விடுவாய்.

அன்புடன்,
உன் பாலு