எடை ஒன்று, எரிவது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த 'பெண்களுக்கு 1,200 கலோரி' என்ற தினசரி உணவு அட்டவணையை என் இளைய மருமகள் வெட்டிச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். மருமகள்கள் இருவருமே 62 கிலோ. இருவரும் அதையே பின்பற்றினார்கள். மூத்தவள் தாக்குப்பிடித்தாள். இளையவளோ பத்தாம் நாள் நெசவு நூலைத் தார்க்குச்சியில் சுற்றும்போது கண் இருட்டி ராட்டைமேல் சாய்ந்துவிட்டாள். "மூத்தவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே, இவளுக்கு மட்டும் ஏன்?" என்று வீட்டிலேயே பேச்சு எழுந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

எடை, உயரம், வயதை வைத்து ஓய்வில் உடல் செலவிடும் கலோரியைக் கணக்கிடும், 1990-ல் வெளியான மிஃப்லின் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். 28 வயது, 162 செ.மீ. உயரமுள்ள இளையவள் சும்மா படுத்திருந்தாலே நாளுக்குச் சுமார் 1,330 கலோரி செலவாகும். 44 வயது, 148 செ.மீ. உள்ள மூத்தவளுக்குச் சுமார் 1,165தான். மயக்கத்துக்கு இது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஓய்வுக்கே போதாத உணவோடு அவள் நாள் முழுக்க வேலை செய்திருக்கிறாள்!

சூத்திரமும் முழு உண்மை சொல்லாது. ஒரு கிலோ தசை ஓய்வில் நாளுக்குச் சுமார் 13 கலோரி எரிக்கிறது, கொழுப்போ நாலரைதான். இதயமும் சிறுநீரகமும் கிலோவுக்கு 440 வரை எரிக்கின்றன. தராசுக்கு இதெல்லாம் தெரியுமா? தைராய்டு சுரப்பு குறைந்தால் செலவும் குறையும்; காய்ச்சல் வந்தால் கூடும். மேலைநாட்டாரை அளந்து செய்த பழைய சமன்பாடுகள் நம்மவருக்குக் கூடுதலாகக் காட்டுகின்றன என்பதால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 5 சதவீதம் குறைத்துக் கணக்கிட்டதும் உண்டு.

'நாற்பதைத் தாண்டினால் உடம்பு எரிப்பதை நிறுத்திவிடும்' என்றும் அதே பக்கத்தில் இருந்தது. 2021-ல் 6,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளைத் தொகுத்து வந்த ஆய்வு, தசை உள்ளிட்ட கொழுப்பற்ற எடையைக் கணக்கில் கொண்டால் 20 முதல் 60 வயது வரை எரிப்பு ஏறக்குறைய மாறுவதில்லை என்கிறது. எங்கள் தெருவில் பீடி சுற்றும் பெண்கள் எத்தனை பேர் 'வயசாச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது' என்று விட்டுவிட்டார்கள் தெரியுமா?

அடுத்தமுறை அட்டவணை போடும்போது உயரம், வயது, வேலை மூன்றுக்கும் இடம் விடுங்கள். காரணமில்லாமல் எடை ஏறுபவர்கள் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுமாறும் ஒரு வரி சேருங்கள்.

சுவரில் இருந்ததை நானே கிழித்துவிட்டேன். இளையவள் இப்போது கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டுத்தான் ராட்டையில் உட்காருகிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.