தீபாவளிக்கு முன்பே வீட்டு நாய்களைப் பழக்குவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்கி வரும் இவ்வேளையில், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலும் தாமான்கள் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளிலும் வளர்ப்பு நாய்கள் படும் பாட்டைத் தங்கள் நாளிதழின் வழி வாசகர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். விடியற்காலை இருட்டில் பால்மரம் வெட்டப் போன நம் முன்னோர்க்கு முன்னால் ஓடி, பாம்பையும் காட்டுப்பன்றியையும் காட்டிக் கொடுத்தவை நாய்கள். தோட்டங்கள் செம்பனைக்கு மாறிப் பலர் தாமான் வீடுகளில் குடியேறிவிட்ட பிறகும் நாய் வளர்க்கும் வழக்கம் நம்மிடம் தொடர்கிறது. அதனுடன் சேர்ந்து, அடித்தால்தான் நாய் பணியும் என்ற எண்ணமும் தொடர்கிறது.

மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கேட்கும். நாயின் காதோ அதைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட அதிர்வெண்ணைக் கேட்கக் கூடியது. வாசலில் வெடிக்கும் பட்டாசு எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கும் என்பது அதற்குத் தெரியாது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தால் ஓடவும் வழியில்லை. அந்த நிலையில் அது ஓயாமல் குரைப்பதும், கதவைப் பிறாண்டுவதும், நின்ற இடத்திலேயே சிறுநீர் கழிப்பதும் அச்சத்தின் விளைவுகளே. அதற்காக அதை அடிப்பவர், பட்டாசுச் சத்தத்தோடு வலியையும் சேர்த்து அதன் நினைவில் பதிய வைக்கிறார்; அடுத்த பண்டிகைக்கு அதன் பயம் கூடுமே தவிரக் குறையாது. பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்று சிலர் சொல்வதும் தவறு. அது தேடி வந்து ஒண்டினால், பக்கத்தில் இருக்க விடுங்கள்.

நாய்க்கு நாம்தான் தலைவர் என்பதை அடக்கி ஆண்டு காட்ட வேண்டும் என்ற கருத்து, 1947இல் வெளிவந்த, அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பற்றிய ஆய்விலிருந்து பரவியது. இயற்கையில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் அடங்கிய குடும்பமே என்பதை டேவிட் மெக் என்ற ஆய்வாளர் 1999இல் தெளிவுபடுத்தினார். விலங்குகளின் நடத்தையை ஆராயும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமும், வெகுமதி தந்து பழக்கும் முறையையே எல்லா நாய்களுக்கும் பின்பற்ற வேண்டுமென 2021இல் அறிவித்தது.

அந்த முறைக்குப் பெரிய செலவு ஏதுமில்லை. உப்பும் மசாலாவும் சேர்க்காமல் அவித்த கோழி இறைச்சியைச் சிறு துண்டுகளாக்கி வைத்துக்கொண்டு, வீட்டின் அமைதியான ஓர் அறையில் பழைய சாக்கையோ பாயையோ விரித்து, நாய் தானாக அதன்மேல் கால் வைத்த உடனேயே ஒரு துண்டு கொடுக்க வேண்டும். சிறிது நேரம் கழித்துக் கொடுத்தால், எதற்காகக் கிடைத்தது என்பது நாய்க்குப் புரியாது. பிறகு அது உட்காரும்போதும், படுக்கும்போதும், படுத்தபடி நாம் நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் கொடுத்து வந்தால், அந்த இடமே அதற்குப் பிடித்த இடமாகிவிடும். அங்கே அது உண்ணும் வேளையில் கைப்பேசியில் பட்டாசுச் சத்தத்தை மிக மெதுவாக ஒலிக்கவிட்டு, நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டலாம். வால் ஒடுங்கினாலோ, காதுகள் பின்னால் மடிந்தாலோ, உண்பதை நிறுத்தினாலோ சத்தம் கூடிவிட்டது என்று அறிந்து குறைக்க வேண்டும். இதற்குப் பல வாரங்கள் தேவைப்படும் என்பதால்தான் இப்போதே எழுதுகிறேன். மிகவும் அஞ்சும் நாய்களுக்குக் கால்நடை மருத்துவர் தரும் மருந்துகள் உண்டு. மனிதர் உண்ணும் தூக்க மாத்திரையை ஒருபோதும் கொடுக்கக் கூடாது.

இப்பயிற்சி விருந்தினருக்கும் நன்மையே. திறந்த இல்ல உபசரிப்புக்கு வரும் மலாய் நண்பர்கள் முஸ்லிம்கள் என்பதால் நாயின் எச்சில் படுவதைத் தவிர்க்க வேண்டியவர்கள். அவர்கள் தயங்கி வாசலிலேயே நிற்காதபடி, நாய் தன் அறையில் நிம்மதியாகப் படுத்திருப்பது நாம் அவர்களுக்குச் செய்யும் மரியாதையும் ஆகும். அன்பில் தட்டை நீட்டும் உறவினர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்: சாக்லேட், உலர்திராட்சை போட்ட பாயசம், வெங்காயம் சேர்த்த கறி ஆகியவை நாய்க்கு நஞ்சு, வெந்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும்.

பட்டாசுக்கு மிரண்டு ஓடும் நாய் செம்பனைக் காட்டுக்குள் வழி தவறிப் போவதுண்டு. கழுத்துப் பட்டையில் உரிமத் தகடும் தொலைபேசி எண்ணும் இருந்தால், பிடிபட்டாலும் வீடு திரும்ப வாய்ப்பிருக்கிறது. நாயைக் கொடுமைப்படுத்துவோருக்கு 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின் கீழ் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம் என்பதும் நம் மக்களில் பலர் அறியாதது.

தாமான் குடியிருப்பாளர் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் கூடிப் பேசி, பட்டாசு வெடிப்பதற்கு வீடுகளிலிருந்து தள்ளிய ஒரு திடலையும் மாலையில் குறிப்பிட்ட நேரத்தையும் ஒதுக்கி, அதைப் பண்டிகைக்கு முன்பே அனைவருக்கும் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நேரம் முன்னரே தெரிந்தால், நாயை வெளியே அழைத்துப் போய் வந்து, உணவிட்டு, சன்னலை மூடி உள்ளே வைத்திருக்க முடியும். கால்நடை மருத்துவர் ஒருவரின் ஆலோசனையைத் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு பதிப்புகளில் தொடர்ந்து வெளியிட்டு உதவுமாறு தங்களையும் பணிவுடன் வேண்டுகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்