கெட்டிக்கிற துப்பாக்கியும் மடக்குக் கத்தியும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. மாடிப்படியில் மட்டும் அவசரப்படாதே. இங்கே எல்லாரும் சுகம். சின்னவள் காலேஜுக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது.

"ராமர் தடவிக்கொடுத்த அணிலையா சுடுகிறாய்?" என்று கேட்டிருந்தாய். உன் வருத்தம் புரிகிறது. நான் இருக்கும் பென்சில்வேனியாவில் இருப்பது நம் ஊரின் மூன்று கோட்டு அணில் இல்லை. சாம்பல் நிறம், கிட்டத்தட்ட அரைக் கிலோ எடை. குடியேறிகள் வந்த காலத்திலிருந்து இந்த மலைக்காரர்களின் குழம்புச் சட்டியில் இருப்பது அது. செப்டம்பரில் சீசன் தொடங்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல் கூடாது. சாப்பிட முடியாததை நான் சுடுவதில்லை.

துப்பாக்கியைப் பற்றிக் கேட்டாயே, அது 19ஆம் நூற்றாண்டில் செய்தது. குழலில் செய்தவர் பெயர் இல்லை. ஒவ்வொரு தடவையும் குழல்வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, கொழுப்பு தடவிய துணித்துண்டில் ஈயக்குண்டை வைத்து, கெட்டிக்கோலால் அடிவரை தள்ளி, கடைசியில்தான் தீப்பொறி கிளப்பும் 'கேப்' என்ற சின்ன மூடியை மாட்ட வேண்டும். இந்த வகைக்கு மூலம் 18ஆம் நூற்றாண்டில் இதே மாநிலத்து லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மன், சுவிஸ் கொல்லர்கள். அவர்கள் சொந்த ஊரில் செய்தது குட்டைக் குழல், பெரிய குண்டு. காட்டோரத்தில் ஈயத்தையும் மருந்தையும் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டியிருந்தது. அதனால் இங்கே குழலை 40 அங்குலத்துக்கு மேல் நீட்டி, துளையைச் சிறிதாக்கினார்கள். அணிலுக்கென்று வந்தவற்றில் துளை இன்னும் சிறுத்தது. என்னுடையது 8 மில்லிமீட்டர். குண்டு 3 கிராம், மருந்து ஒன்றேகால் கிராம் சொச்சம். ஒரு கிலோ ஈயத்தில் 300 குண்டுக்கு மேல் வார்க்கலாம் என்றால் பார்த்துக்கொள்.

நீ வரலாறு வாத்தியார், உனக்கு இது பிடிக்கும். இந்தத் துப்பாக்கிக்குப் போடும் கரிமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது, டூபான்ட் வெடிமருந்துக் கம்பெனியின் லாமட் டூபான்ட் இங்கிலாந்துக்குப் போய், அங்கே கிடைத்த வெடியுப்பையெல்லாம் லிங்கன் அரசுக்காக வாங்கிக் குவித்தார். அதெல்லாம் நம் பீகார், வங்காளப் பக்கத்து மண்ணில் காய்ச்சிய உப்பு. பிரிட்டன் கொஞ்ச நாள் கப்பலேற்ற விடாமல் தடுத்துவைத்து, அப்புறம்தான் விட்டது.

உன் மச்சான் பழைய துப்பாக்கி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டப் போவதாக எழுதியிருந்தாய். லைசென்ஸ் விவகாரத்தை முதலில் விசாரிக்கச் சொல். அதைவிட முக்கியம், தொட்டவுடன் குழலில் கோலை விட்டு ஆழம் பார்க்க வேண்டும். கோல் உள்ளே போன நீளத்தை வெளியே குழல் மேல் வைத்து ஒப்பிட்டால், அடியில் ஏதாவது அடைத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். மருந்தும் குண்டும் கெட்டித்தபடியே மறந்துபோன துப்பாக்கிகள் நிறைய உண்டு. அந்த மருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருஷம் கழித்தும் வெடிக்கும். விளையாட்டுக்குக்கூட விசையை இழுக்கக் கூடாது.

வேட்டை என்றால் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பதுதான். விடியும் முன் ஹிக்கரி மரத்தடிக்குப் போய்விடுவேன். அணில் மேலே கொட்டையைக் கொறிக்கும் சத்தமும், ஓட்டுத் தூள் இலைமேல் உதிரும் சத்தமும் முதலில் கேட்கும். இருப்பது ஒரே குண்டு. மறுபடி கெட்டிப்பதற்குள் அது மரத்தின் மறுபக்கம் போய்விடும். அதனால் தலை தெளிவாகத் தெரிகிறவரை சுட மாட்டேன். எனக்கு இந்தத் துப்பாக்கி பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான். கையில் பத்துத் தோட்டா இருக்கிறவன் சந்தேகத்திலும் சுடுவான், காயம்பட்டது பொந்துக்குள் போய்ச் சாகும்.

வீட்டுக்கு வந்ததும் சோப்பும் வெந்நீரும் விட்டுக் குழலைக் கழுவி எண்ணெய் போட்டாக வேண்டும். கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும். ஒரு ராத்திரி விட்டால் காலையில் துரு.

தோலுரிக்க வைத்திருப்பது இரண்டு அலகு மடக்குக் கத்தி, டிராப்பர் என்பார்கள். 1905 முதல் இதே மாநிலத்தின் பிராட்ஃபோர்டில் இருக்கும் கேஸ் கம்பெனி செய்தது. பூட்டு எதுவும் கிடையாது, முதுகு வில்லின் அழுத்தத்தில்தான் அலகு நிற்கும். துருப்பிடிக்காத எஃகு எனக்குச் சரிப்படவில்லை. கார்பன் எஃகு கறுத்துப்போனாலும் கல்லில் நாலு இழுப்பில் கூர் ஏறிவிடும். அணிலுக்குப் பெரிய கத்தியே தேவையில்லை. வாலின் அடியில் எலும்பை அறுத்து, முதுகுத்தோலை விடாமல் இரண்டு பக்கமும் கொஞ்சம் கீறி, வாலை மிதித்துக்கொண்டு பின்னங்காலைப் பிடித்து இழுத்தால் தோல் சட்டை கழற்றுவது மாதிரி வந்துவிடும். சூட்டோடு செய்ய வேண்டும், ஆறிவிட்டால் மல்லுக்கட்டத்தான் வேண்டியிருக்கும்.

ஜனவரியில் ஊருக்கு வருகிறேன். உனக்கும் ஒரு டிராப்பர் வாங்கிவைக்கிறேன், செடிக்கு ஒட்டுப் போட வைத்துக்கொள். எலும்புப் பிடியா, மரப் பிடியா என்று மட்டும் எழுது. விமானத்தில் கைப்பையில் விட மாட்டார்கள், பெரிய பெட்டிக்குள் வைத்துத்தான் கொண்டுவர முடியும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் நண்பன்